தண்டப்பணம் யாருக்கு, நட்டஈடு யாருக்கு?



கட்டுப்பாட்டு விலையை மீறி அரிசி விற்றவருக்குத் தண்டம். காலாவதியான பால்மாப் பைக்கற்றை அடுக்கில் வைத்திருந்தவருக்குத் தண்டம். இலங்கைப் பத்திரிகைகளில் இப்படியொரு செய்தி வராத மாதம் அபூர்வம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் உத்தியோகத்தர்கள் கடையைச் சுற்றிவளைத்தார்கள், கடைக்காரர் நீதவான் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டார், இத்தனை லட்சம் கட்டினார். செய்தி அதோடு முடிந்துவிடும். அந்த அரிசியை அதிக விலை கொடுத்து வாங்கி, சமைத்து, சாப்பிட்டும் முடித்துவிட்ட ஆளுக்கு என்ன கிடைத்தது என்று எந்தச் செய்தியாளரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் பெரும்பாலும் கிடைத்திருக்கக்கூடிய பதில்: ஒன்றுமில்லை.

இன்றைய பேச்சு அந்தப் பதிலைப் பற்றியது.

அடிப்படைச் சட்டம் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். 1979ஆம் ஆண்டின் பாவனையாளர் பாதுகாப்புச் சட்டமும் 1987ஆம் ஆண்டின் நியாயமான வர்த்தக ஆணைக்குழுச் சட்டமும் நீக்கப்பட்டு அவற்றின் இடத்துக்கு இது வந்தது. சட்டம் கடுமையானதுதான். ஏமாற்றும் நடத்தை கூடாது என்கிறது 30ஆம் பிரிவு. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது 28ஆம் பிரிவு. சேவை செய்பவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்வார் என்ற உத்தரவாதம், வாயால் சொல்லப்படாவிட்டாலும் ஒப்பந்தத்துக்குள் இருப்பதாகவே கொள்ளப்படும் என்கிறது 32ஆம் பிரிவு. 2021இல் வந்த திருத்தம் தண்டத்தைப் பல மடங்கு உயர்த்தியது. உச்ச விலையை மீறி விற்கும் தனிநபருக்கு முன்பு 1,000 ரூபாயில் தொடங்கிய தண்டம் இப்போது 1 லட்சத்தில் தொடங்கி 5 லட்சம் வரை போகிறது. கம்பனியென்றால் 5 லட்சத்திலிருந்து 50 லட்சம் வரை. அந்த நாட்களில் எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பணத்தில் வாங்கியவருக்குப் பங்கில்லை.

தண்டம் ஒரு பாதை, நட்டஈடு வேறொரு பாதை. முதல் பாதையில் அரசு உத்தியோகத்தர் நடக்கிறார். வழக்கை அவரே தாக்கல் செய்கிறார், வாங்கியவர் அதிகபட்சம் ஒரு சாட்சி. இரண்டாவது பாதையில் வாங்கியவர் தானே நடக்க வேண்டும். அவருக்குத் துணையாக யார் வருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

இரண்டாவது பாதை எங்கே தொடங்குகிறது என்பதே பலருக்குத் தெரியாது. அதே 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவில்தான் தொடங்குகிறது. தரத்துக்குப் பொருந்தாத பொருள், தரம் குறைந்த சேவை, வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருள் ஆகியவற்றைப் பற்றி அதிகார சபை முறைப்பாடு ஏற்று விசாரிக்கலாம். விசாரணையின் முடிவில் நட்டஈடு கொடு, பொருளை மாற்றிக்கொடு, வாங்கிய பணத்தைத் திருப்பிக்கொடு என்று வணிகருக்குக் கட்டளையிடலாம். அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். பொருளை வாங்கி அல்லது சேவையைப் பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

மூன்று மாதம்! ஒரு வருட உத்தரவாதத்தோடு வாங்கிய குளிர்சாதனப் பெட்டி ஐந்தாவது மாதத்தில் நின்றுபோனால் இந்தக் காலக்கெடு எப்படி ஒத்துவரும் என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்தார்களா என்பது சந்தேகமே.

ஒரு நிலைமையைக் கற்பனை செய்து பார்ப்போம். பல்லேகல கைத்தொழில் பேட்டையில் ஆடைத் தொழிற்சாலையில் வேலைசெய்யும் ஒரு தமிழ்ப் பெண். கண்டியிலிருந்து குண்டசாலை, திகன, தெல்தெனிய என்று போகும் மகியங்கனை வீதியோரக் கடையொன்றில் தவணைக்குச் சலவை இயந்திரம் வாங்குகிறார். ஆறாவது வாரம் அது தண்ணீரைக் கக்குகிறது. கடைக்குப் போகிறார். ‘கம்பனிக்கு அனுப்பியிருக்கிறோம்’ என்கிறார்கள். இரண்டு வாரம் கழித்துப் போனால் ‘பார்ட்ஸ் வரவில்லை’. மூன்றாவது தடவை போனால் முதலாளி இல்லை. பற்றுச்சீட்டின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வரி சிங்களத்தில் அச்சிட்டிருக்கிறது. அந்த வரியைக் காட்டியே அவரை வாசல்வரை அனுப்பிவைக்கிறார்கள். தவணை மட்டும் மாதாமாதம் தவறாமல் போகிறது.

அந்த ஒற்றை வரிக்கு அவ்வளவு பலம் இல்லை என்று அவருக்குச் சொல்ல அந்த இடத்தில் யாருமில்லை. விற்கும் பொருள் எதற்காக விற்கப்படுகிறதோ அதற்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்துச் சட்டம், இன்னும் செல்லும். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டமோ, வணிகர் தம் பொறுப்பை ஒரு வரியில் உதறிவிடுவதற்குத் தடைபோடவே வந்தது. நூறு வருட இடைவெளியில் இரண்டு சட்டங்கள் அவர் பக்கம் நிற்கின்றன. கடை மேசைக்கு முன்னால் அவரோடு ஒருவரும் நிற்கவில்லை.

அவர் மூன்று மாதத்துக்குள் அதிகார சபைக்கு எழுதிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். விசாரணை நாள் குறித்துக் கடிதம் வருகிறது. 13ஆம் பிரிவு வணிகருக்கு ஒரு வசதி தருகிறது: அவர் நேரில் வந்து விளக்கம் சொல்லலாம், அல்லது தாம் நியமிக்கும் முகவரை அனுப்பலாம். கம்பனி என்ன செய்யும்? இதே வேலைக்கென்று மாதச் சம்பளத்தில் வைத்திருக்கும் ஒருவரை அனுப்பும். அவருக்கு இது அந்த மாதத்தின் பத்தாவது விசாரணையாக இருக்கலாம். பெண்ணுக்கோ வாழ்க்கையில் முதலாவது. அன்றைய நாள் சம்பளமும் வருகைக் கொடுப்பனவும் போகும். சலவை இயந்திரத்தின் மோட்டாரில் குறையா, பாவித்த முறையில் குறையா என்று மறுபக்கம் தொழில்நுட்ப அறிக்கையை நீட்டும்போது அதற்கு எதிராக வைக்க அவரிடம் காகிதம் கிடையாது.

சட்டத்தரணியை அமர்த்தினால்? கேட்கும் கட்டணம் இயந்திரத்தின் விலையைத் தொட்டுவிடும். இதில் சட்டத்தரணிமாரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவர்களும் வாடகை கட்டுகிறவர்கள்தான். சின்ன நட்டம் எப்போதும் சட்டத்தரணியை அமர்த்தக் கட்டுபடியாகாத நட்டமாகவே இருக்கிறது. வணிகர் இதை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார். பத்தாயிரம் பேரிடம் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் எடுத்தால் ஐம்பது லட்சம் சேரும். ஐந்நூறு ரூபாய்க்கு வழக்குப் போட ஒருவரும் வரமாட்டார்.

மத்தியஸ்த சபைக்குப் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். இங்கே கொஞ்சம் பழைய கதை தேவைப்படுகிறது. 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட வீர நரேந்திரசிங்கன் மாளிகை கட்டி வாழ்ந்த ஊர் இந்தக் குண்டசாலை.  அவன் காலத்திலும் அதற்குப் பின்பும் கண்டி இராச்சியத்தில் கடன், எல்லை, சில்லறைத் திருட்டு என்ற வழக்குகளைக் கம்சபாவை என்ற ஊர்ச்சபை பேசித் தீர்த்தது. கண்டி இராச்சியத்தின் நிர்வாகத்தைப் பற்றி ஜோன் டொய்லி எழுதிவைத்த குறிப்புகளில் அதற்கும் இடமுண்டு. 1871இல் ஆங்கிலேயர் அதற்கு வேறு வடிவில் உயிர்கொடுத்தார்கள். 1958இல் இணக்க சபைகள் வந்தன. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இன்றைய மத்தியஸ்த சபைகள் வந்தன. இந்த மரபின் அடியில் ஒரே எண்ணம் ஓடுகிறது: ஊர்ச் சண்டையில் வழக்கறிஞர் நுழைந்தால் சண்டை வளரும். ஆகவே மத்தியஸ்த சபையில் சட்டத்தரணி கட்சிக்காரருக்காக வாதாட முடியாது.

இரண்டு அயலவருக்கு இடையே வேலித் தகராறு என்றால் இது அருமையான ஏற்பாடு. இருவரும் ஒரே உயரம். ஒருபக்கம் தையல் இயந்திரத்தில் வேலைசெய்யும் பெண், மறுபக்கம் நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் கம்பனியின் பிராந்திய முகாமையாளர் என்றால்? சட்டத்தரணி இல்லை என்ற விதி இருவருக்கும் பொதுதான். ஆனால் முகாமையாளர் சட்டத்தரணியிடம் கேட்டுக்கொண்டுதான் சபைக்கு வருவார். பெண் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டுக்கொண்டு வருவார்.

உலகத்தில் பாவனையாளர் சட்டம் படிக்கிற எவரும் முதலில் கேட்கும் பெயர் மே டொனஹியூ. ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரம், 1928 ஆகஸ்ட் 26. கடையில் வேலைசெய்த அந்தப் பெண்ணுக்குத் தோழி ஒருவர் ஜிஞ்சர் பியர் வாங்கிக்கொடுத்தார். போத்தல் இருண்ட கண்ணாடியில் இருந்தது. பாதி குடித்த பிறகு மீதியை ஊற்றியபோது அழுகிய நத்தை ஒன்று மிதந்து வந்ததாம். வயிற்றுக் கோளாறு, அதிர்ச்சி. வாங்கியவர் தோழி என்பதால் டொனஹியூவுக்கும் கடைக்காரருக்கும் இடையே ஒப்பந்தமே இல்லை. போத்தலை நிரப்பிய டேவிட் ஸ்டீவன்சனோடும் இல்லை. சட்டப்படி அவர் ஒன்றும் செய்ய முடியாது என்பதே அன்றைய நிலை. 1932 மே 26 அன்று பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. உற்பத்தியாளர் தம் பொருளைக் கடைசியில் நுகரப்போகும் முகம் தெரியாத ஆளுக்கும் கவனக் கடமை உடையவர் என்றது.

அந்த வழக்கில் அட்கின் பிரபு எழுதிய தீர்ப்பை எல்லோரும் புகழ்கிறார்கள். அதற்கு முன்னால் நடந்ததைத்தான் பார்க்க வேண்டும். வால்டர் லீச்மன் என்ற கிளாஸ்கோ சட்டத்தரணி இதே போல இன்னொரு வழக்கை, போத்தலுக்குள் எலி கிடந்த வழக்கை, 1929 மார்ச்சில் தோற்றிருந்தார். மூன்று வாரம்கூட ஆகவில்லை, டொனஹியூவுக்காக ஏப்ரல் 9 அன்று புதிய வழக்கைப் போட்டார். கட்டணம் வாங்கவில்லை. மேன்முறையீட்டுக்குப் பிணைப்பணம் கட்ட வழியில்லாததால் டொனஹியூ தன் உடைமை முழுவதும் ஐந்து பவுணுக்கு மேல் பெறாது என்று சத்தியம் செய்து, ஏழை வழக்காளியாக அனுமதி வாங்கினார். தோற்றும் சலிக்காத ஒரு சட்டத்தரணியும், ஏழைக்குக் கதவைத் திறந்துவிட்ட ஒரு விதியும் இல்லாவிட்டால் அந்த நத்தை போத்தலோடு போயிருக்கும். போத்தலில் உண்மையில் நத்தை இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை. ஸ்டீவன்சன் இறந்த பின் 200 பவுணுக்குச் சமரசமாயிற்று.

இலங்கையில் இதற்கு நேர்மாறான உதாரணம் உண்டு. மூளைத்தண்டில் கட்டி இருந்த ஒரு சிறுமி 1992இல் இறந்தாள். நோயைச் சரியாகக் கண்டறியவில்லை என்று புகழ்பெற்ற குழந்தை மருத்துவ நிபுணர் பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிராகத் தந்தை வழக்குப் போட்டார். மாவட்ட நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை லட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் மருத்துவரின் மேன்முறையீட்டை ஏற்று வழக்கையே தள்ளுபடி செய்தது. நோய் கண்டறிவதில் நடந்த தவறுக்கும் மரணத்துக்கும் உள்ள காரணத் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்பது அதன் முக்கிய காரணம். வழக்காளி தாமே சட்டத்தரணி. சட்டம் தெரிந்த, நீதிமன்றம் பழகிய தகப்பனுக்கே ஒன்பது வருடம் எடுத்த பாதை அது. தனியார் மருத்துவமனைப் பற்றுச்சீட்டோடு நிற்கும் மற்றவர்களின் நிலையை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

கடலுக்கு அப்பால் வேறு விதமாக யோசித்தார்கள். இந்தியாவின் 1986ஆம் ஆண்டுப் பாவனையாளர் பாதுகாப்புச் சட்டமும் அதன் இடத்துக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டமும் மாவட்டந்தோறும் தனி மன்றம் வைத்தன. வழக்காளி தாமே வாதாடலாம். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. பாவனையாளர் சங்கங்களும் வழக்குப் போடலாம். 2023இல் திருவள்ளூர் மாவட்ட மன்றத்தில் நடந்த வழக்கைச் சிரித்துக்கொண்டே வாசித்தவர்கள் பலர். பதினாறு பிஸ்கட் என்று அச்சிட்ட சன்பீஸ்ட் மேரி லைட் பைக்கற்றில் பதினைந்துதான் இருந்தது. நாங்கள் எண்ணிக்கைக்கு விற்கவில்லை, எடைக்கு விற்கிறோம் என்றது ஐ.டி.சி. கம்பனி. ஆனால் எடையும் குறைவாகவே இருந்தது. ஒரு லட்சம் ரூபாய் நட்டஈடு கொடுக்கும்படி மன்றம் கட்டளையிட்டது. ஒரு பிஸ்கட்டின் விலை ஒரு ரூபாய்கூட இல்லை. ஆனால் நாளொன்றுக்கு எத்தனை பைக்கற் தயாராகிறது என்று கணக்குப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

இந்தியாவைப் பற்றி ஆகாயத்தில் கோட்டை கட்ட வேண்டாம். வட இந்தியாவின் மதுராவில் 1999 டிசம்பரில் ரயில் பயணச்சீட்டுக்கு 20 ரூபாய் கூடுதலாக வாங்கப்பட்ட ஒருவர், அதற்கான தீர்ப்பை 2022 ஆகஸ்டில்தான் பெற்றார். அந்த 20 ரூபாயை 12 சதவீத வட்டியோடும், மேலதிகமாக 15,000 ரூபாயும் ரயில்வே கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. இடையில் நூறுக்கு மேற்பட்ட விசாரணைத் தவணைகள். அவரும் வழக்கறிஞர்தான், தம் வழக்கைத் தாமே நடத்தியவர். இன்னொரு வேடிக்கை: வழக்கறிஞரின் சேவைக் குறைபாட்டுக்காக அவர்மீதே பாவனையாளர் மன்றத்தில் வழக்குப் போட முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்தது. மருத்துவர் மீது போடலாம் என்று 1995இலேயே சொன்ன அதே நீதிமன்றம்!

ஆனாலும் அங்கே தனி மன்றம் இருக்கிறது. இங்கே அதிகார சபையே சுற்றிவளைக்கிறது, அதுவே வழக்குத் தொடர்கிறது, 13ஆம் பிரிவின் கீழ் அதுவே தீர்ப்பும் சொல்கிறது. இவ்வளவையும் ஒரே ஆளணி செய்யும்போது பத்திரிகையில் வரக்கூடிய வேலை முன்னே போகிறது, தனி ஆளின் சலவை இயந்திரம் பின்னே நிற்கிறது. நாட்டின் பெரிய குறை இதுதான்.

பலர் ஒன்றாகச் சேர்ந்தால் நிலைமை மாறும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2008 டிசம்பரில் செலிங்கோ குழுமத்தைச் சேர்ந்த கோல்டன் கீ கடனட்டைக் கம்பனி சரிந்தபோது ஏறத்தாழ 9,000 வைப்பாளர்களின் 2,600 கோடி ரூபாய் அளவிலான பணம் சிக்கிக்கொண்டது. ஓய்வூதியக்காரர், வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர் என்று எல்லாவகையினரும் அதில் இருந்தார்கள். அவர்கள் தனித்தனியாகக் கடன் வழக்குப் போட்டுக்கொண்டிருக்கவில்லை. மேற்பார்வை செய்ய வேண்டிய அரச அமைப்புகள் கண்ணை மூடிக்கொண்டிருந்தன என்று சேர்ந்து உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுவோடு போனார்கள். பணம் முழுவதும் திரும்பவில்லை, காலமும் இழுத்தது. ஆனால் நீதிமன்றத்தின் கண்காணிப்பில் திருப்பிக்கொடுக்கும் திட்டம் ஒன்று உருவானது. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி இத்தகைய மனுவுக்குக் காலக்கெடு ஒரு மாதம் மட்டுமே என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

2021 நவம்பரில் நாடெங்கும் சமையல் எரிவாயு வெடிப்புகள் தொடர்ந்தபோது வீட்டுப் பெண்கள் சிலிண்டரை முற்றத்தில் வைத்துவிட்டுத் தூங்கினார்கள். பியூட்டேனும் புரப்பேனும் கலந்த விகிதம் பாவனையாளருக்குச் சொல்லாமலே மாற்றப்பட்டிருந்தது. அந்த மாற்றமே முக்கிய காரணம் என்று ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழு பின்னர் சொன்னது. மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் பொதுநல மனு போனது. கலவையைச் சிலிண்டரில் குறிப்பிடுவது பற்றிய கட்டளைகள் வந்தன. பொதுநல மனுவின் பலமும் வரம்பும் இதில் ஒன்றாகத் தெரிகின்றன: நாளை வாங்கப்போகிறவருக்கு அது உதவும், நேற்று அடுப்பு சிதறியவருக்கு அதுவாகவே பணம் தராது.

கடன், காப்புறுதி, வங்கி விடயங்களில் நிலைமை சற்று மேல். மத்திய வங்கி 2023இல் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வர்த்தமானியில் வெளியிட்டது. முறைப்பாட்டுக்கு 1935 என்ற இலக்கம் உண்டு. நிதித்துறைக்கும் காப்புறுதிக்கும் தனித்தனி ஒம்புட்ஸ்மன்கள் இருக்கிறார்கள், கட்டணம் இல்லை. தோட்டப்புறங்களில் நுண்கடனில் மாட்டிக்கொண்ட பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது வேறு கதை.

கண்டியில் என்ன செய்யலாம்? 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவுக்குக் கண்டியிலும் நிலையம் உண்டு. வருமானம் குறைந்தவருக்கு அது இலவசமாகச் சட்டத்தரணியைத் தரும். தாபரிப்பு வழக்குக்குத்தான் அங்கே போகலாம் என்று மக்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்; வணிகரால் ஏமாற்றப்பட்டவரும் போகலாம். மத்திய மாகாணச் சட்டத்தரணிமாரிடம் ஒரு வேண்டுகோள்: மாதத்தில் ஒரு சனிக்கிழமை, குண்டசாலைப் பிரதேச செயலகத்திலோ பொது நூலகத்திலோ இரண்டு மணிநேரம் உட்காருங்கள். வழக்கு நடத்த வேண்டாம். முறைப்பாட்டை எழுதிக்கொடுங்கள், 13ஆம் பிரிவு விசாரணையில் என்ன கேட்பார்கள் என்று சொல்லிக்கொடுங்கள், அது போதும். நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் இரண்டு கோரிக்கைகள்: மூன்று மாதக் காலக்கெடுவை உத்தரவாதக் காலத்தோடு சேர்த்து நீட்டுங்கள், நட்டஈட்டை விசாரிக்க அதிகார சபைக்கு வெளியே மாவட்ட மட்டத்தில் தனி மன்றம் அமையுங்கள்.

அது வரும்வரை, பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள திகதியிலிருந்து மூன்று மாதத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அதிகார சபையின் துரித இலக்கம் 1977. ஆனால் அதில் பேசியதோடு நிறுத்திவிடாதீர்கள். முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதலாம், தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை.